ரேகன்ஸ்பர்க்கில் ஒரு பகல்: ஊருக்குள் நடப்பதா, மலையிடுக்குக்குப் படகேறுவதா?

ஆற்றுக் கப்பலில் மறுநாளுக்கான தாள் முதல் நாள் இரவே அறைக்கு வந்துவிடும். எத்தனை மணிக்குக் கரை, எத்தனை மணிக்குள் திரும்ப வேண்டும், நடுவில் என்னென்ன சுற்றுலா, எது இலவசம், எதற்குத் தனியாகக் காசு என்று எல்லாம் அதில் இருக்கும். ஜெர்மனியின் நியூரம்பர்க்கில் ஏறி, டான்யூப் ஆற்றின் வழியே புடாபெஸ்ட் வரை போகும் ஒரு வாரப் பயணம் எங்களுடையது. நான், மனைவி, முழங்கால் வலியோடு அம்மா. வழியில் வரும் பழைய ஜெர்மன் ஊரான ரேகன்ஸ்பர்க்குக்கான தாள் வந்த இரவில்தான் எங்களுக்குள் முதல் வாக்குவாதம்.

காலை ஒன்பது மணிக்குக் கரை, மாலை ஐந்தரைக்குள் கப்பலில் இருக்க வேண்டும். தாளில் மூன்று வழிகள். பழைய நகரத்தில் வழிகாட்டியோடு இரண்டு மணி நேர நடை, இது இலவசம். பேருந்தில் கெல்ஹைம் போய், அங்கிருந்து படகில் மலையிடுக்கு வழியாக வெல்டன்பர்க் மடாலயம், இதற்குக் காசு. வல்ஹல்லா நினைவு மண்டபம், இதற்கும் காசு. இவை போக, பக்கத்து மேஜைக்காரர் ஒருவர் ரயிலேறி மியூனிக் போய்வரப் போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மியூனிக்கை முதலிலேயே தள்ளிவிடலாம். போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை. இந்தப் பவேரியா மாநிலம் முழுக்கச் செல்லும் அந்த மலிவான ஒருநாள் ரயில் சீட்டு வார நாட்களில் காலை ஒன்பதுக்கு மேல்தான் செல்லும். கப்பலை விட்டு இறங்கி, நிலையத்துக்குப் போய், ரயிலைப் பிடித்து, அங்கே இறங்கும்போது மதியம் நெருங்கிவிடும். திரும்பும் ரயில் தாமதமானால் கப்பல் நமக்காக நிற்காது. கப்பல்காரர்களே நடத்தும் சுற்றுலா என்றால் பேருந்து தாமதமானாலும் பொறுப்பு அவர்களுடையது. நாமே கிளம்பினால் நம் தலையெழுத்து.

மீதி மூன்றில் எது என்று முடிவெடுக்க நான் ஒரு கேள்வியைத்தான் வைத்துக்கொண்டேன். இந்தப் பாதையில் வேறு எந்த ஊரிலும் கிடைக்காதது எது? நல்லது எது என்று கேட்டால் மூன்றுமே நல்லவைதான், விடிய விடியப் பேசலாம். ஆனால் நமக்கு முன்னால் பாசாவ், மெல்க், வியன்னா எல்லாம் வரிசையில் நிற்கின்றன. தங்கப் பூச்சும் தேவதைகளும் நிறைந்த பரோக் தேவாலயங்கள் பாசாவிலும் மெல்க்கிலும் கண் நிறையக் கிடைக்கும். அரண்மனை வேண்டுமென்றால் வியன்னாவில் ஷோன்புருன் இருக்கிறது. பின்னால் விட்டுவந்த நியூரம்பர்க்கோ 1945 ஜனவரி 2 இரவுக் குண்டுவீச்சில் பெரும்பாலும் தரைமட்டமாகி, பிறகு கட்டி எழுப்பப்பட்ட பழைய நகரம். ரேகன்ஸ்பர்க்கிலும் குண்டு விழுந்தது. 1943 ஆகஸ்ட் 17 அன்று அமெரிக்க விமானங்கள் இங்கிருந்த மெஸ்ஸர்ஷ்மிட் விமானத் தொழிற்சாலையைத் தாக்கின. ஆனால் பழைய நகரம் ஏறக்குறைய முழுதாகத் தப்பியது. இடைக்காலத்துக் கல்லும் சுவரும் அப்படியே இருக்கும் பெரிய ஊர் நம் பாதையில் இதுதான். 2006இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்ததும் அதனால்தான்.

இப்படி நான் பேசி முடித்ததும் மனைவி ஒரே வரியில் மடக்கினார். "ஊரு கப்பல் பக்கத்துல இருக்கு. அந்த மலையிடுக்கு இருக்கா?"

இல்லை. இங்கேதான் வெல்டன்பர்க்கின் பலம். நியூரம்பர்க்கிலிருந்து வரும் கப்பல்கள் மைன்-டான்யூப் கால்வாயில் வந்து கெல்ஹைமில்தான் டான்யூபைத் தொடுகின்றன. மலையிடுக்கு அதற்கு மேலே, ஆற்றின் எதிர்த்திசையில் இருக்கிறது. டான்யூப் பயணம் என்று பணம் கட்டி வந்தாலும், பவேரியாவில் டான்யூபின் மிக அழகான அந்த ஐந்து கிலோமீட்டர் சொச்சத்தை எந்தப் பெரிய கப்பலும் காட்டப்போவதில்லை. இதைக் கப்பலில் யாரும் சத்தமாகச் சொல்வதில்லை.

ஆகக் கடைசியில் நாங்கள் பிரிந்தோம். மனைவி படகுக்கு. நானும் அம்மாவும் ஊருக்குள்.

மனைவி போய்வந்த கணக்கு இது. கெல்ஹைமுக்குப் பேருந்தில் முக்கால் மணி நேரம். படகு எதிர்நீச்சலில் மேலே போக நாற்பது நிமிடம், ஓட்டத்தோடு இறங்கிவர இருபது. மடாலயத்தில் ஒன்றரை மணி நேரம். ஏறும் இறங்கும் வரிசைகளையும் சேர்த்தால் ஐந்து மணி நேரம் சரியாகப் போய்விடுகிறது. இரண்டு பக்கமும் செங்குத்தான வெள்ளைச் சுண்ணாம்புப் பாறை, நடுவில் ஆறு சட்டென்று ஒடுங்கிவிடுகிறது. பாறைகளுக்குப் படகோட்டிகள் வைத்த பெயர்கள் உண்டு. ஒன்று நெப்போலியனின் பயணப்பெட்டி. இன்னொன்று பகையாளிச் சகோதரர்கள் மூவர். பங்காளிச் சண்டை எல்லா ஊரிலும் கல்லாகி நிற்கிறது போல.

மடாலயம் ஆறு வளையும் இடத்தில், தண்ணீரை ஒட்டி இருக்கிறது. 1716இல் கட்டத் தொடங்கிய அந்தத் தேவாலயம் அசாம் என்ற குடும்பப் பெயர் கொண்ட பவேரியக் கலைஞர்கள், அசாம் சகோதரர்களின் கைவண்ணம். ஓவியம் காஸ்மாஸ் டாமியான், சிற்பம் எகிட் குவிரின். உள்ளே மங்கலான முன்மண்டபத்தைத் தாண்டியதும், பீடத்தில் குதிரைமேல் புனித ஜார்ஜ், பின்னாலிருந்து வெளிச்சம். ஜன்னலை மறைத்து வைத்து, ஒளி மட்டும் விழும்படி செய்திருக்கிறார்கள். மேலே விளிம்பில் சாய்ந்துகொண்டு ஓவியரே சிரித்தபடி நம்மைப் பார்ப்பார், தம்பி செய்து வைத்த உருவம். வெளியே வந்தால் முற்றத்தில் பியர்த் தோட்டம். 1050 முதல் இங்கே பியர் காய்ச்சுவதாகச் சொல்கிறார்கள். கறுப்புப் பியருக்குத்தான் பேர். மனைவி காபியும் ஆப்பிள் ஸ்ட்ரூடலும் சாப்பிட்டுவிட்டு வந்தார்.

குறைகளும் உண்டு. படகுத்துறையிலிருந்து மடாலயத்துக்குக் கொஞ்சம் நடக்க வேண்டும். முழங்கால்காரர்களுக்கு அது கஷ்டமில்லை, மொத்த நாளும் ஏறி இறங்குவதுதான் கஷ்டம். தண்ணீர் மிகவும் ஏறினாலும் மிகவும் வற்றினாலும் படகு ஓடாது. அப்புறம், திரும்பி வந்தபோது மணி இரண்டரையைத் தாண்டிவிட்டது. ஊருக்குள் அவருக்குக் கிடைத்தது இரண்டரை மணி நேரம்தான். அதில் பாலம், கதீட்ரல், ஒரு தொப்பிக்கடை. தொப்பிக்கடையில் முக்கால் மணி நேரம்.

சரி, ஊர்.

பெரும்பாலான கப்பல்கள் கல் பாலத்துக்குக் கீழ்ப்பக்கம், பழைய நகரத்தை ஒட்டிய கரையில்தான் நிற்கின்றன. சில நாட்களில் கப்பல் கப்பலாக இரண்டு மூன்று ஒட்டி நிற்கும். பக்கத்துக் கப்பலின் வரவேற்பறை வழியாக நடந்து கரையேற வேண்டியிருக்கும். கரையிலிருந்து கல் பாலம் நடைதூரம். 1135இல் தொடங்கி 1146இல் முடித்த பாலம், முந்நூறு மீட்டருக்கு மேல் நீளம். அடுத்த ஏறக்குறைய எண்ணூறு ஆண்டுகள் இந்த ஊரில் டான்யூபைக் கடக்க இது ஒன்றுதான் பாலம். 1189இல் புனித ரோமப் பேரரசர் பார்பரோசா சிலுவைப் போருக்குப் படை திரட்டிக் கிளம்பியதும் இங்கிருந்துதான். இன்றைக்கும் பெரிய கப்பல்கள் இதன் வளைவுகளுக்குள் நுழைய முடியாமல், ஊருக்கு வடக்கே வெட்டிய கால்வாய் வழியாகச் சுற்றித்தான் போகின்றன. பன்னிரண்டாம் நூற்றாண்டுப் பாலம் ஒன்று இருபத்தோராம் நூற்றாண்டுக் கப்பலைப் பார்த்து "சுற்றிப் போ" என்று சொல்கிறது. எனக்கு அது பிடித்திருந்தது.

பாலத்துக்கு ஒரு கதை உண்டு. பாலம் கட்டியவரும் கதீட்ரல் கட்டியவரும் யார் முதலில் முடிப்பது என்று பந்தயம் கட்டினார்களாம். பாலக்காரர் சாத்தானிடம் உதவி கேட்டார். முதலில் பாலத்தைக் கடக்கும் மூன்று உயிர்கள் எனக்கு என்றது சாத்தான். அவர் ஒரு சேவலையும் கோழியையும் நாயையும் ஓட்டிவிட்டார். ஏமாந்த சாத்தான் ஆத்திரத்தில் கீழிருந்து முட்டியதில்தான் பாலம் நடுவில் இப்படிக் கூன் விழுந்து நிற்கிறது என்பார்கள். கதீட்ரல் வேலை தொடங்கியதே பாலம் முடிந்து நூறு வருடத்துக்கு மேல் கழித்து என்பதை வழிகாட்டியும் சொன்னார். யாரும் காதில் வாங்கவில்லை. சாத்தான் கதை அவ்வளவு நன்றாக இருந்தது.

பாலத்தில் இப்போது மோட்டார் வண்டி கிடையாது. நடுவில் நின்று திரும்பிப் பாருங்கள். கோபுரங்களும் சிவப்புக் கூரைகளும் ஆறும் ஒரே சட்டகத்தில் வரும். கீழே தூண்களுக்கு இடையில் தண்ணீர் சுழித்து ஓடுவது அம்மாவுக்குப் பிடித்துவிட்டது. காவிரிக்கரைக்காரி, சுழல் பார்த்தால் நகரமாட்டார். அதிலேயே கால் மணி நேரம் போனது.

இலவச நடையை எடுத்துக்கொள்ளலாமா என்றால், எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் முழுதாக வேண்டாம். காதில் கருவி மாட்டிவிடுவார்கள், வழிகாட்டி தூரத்தில் இருந்தாலும் கேட்கும். ஆனால் முப்பது பேர் கூட்டம் போகும் வேகத்துக்குக் கல் பாவிய தெருவில் அம்மாவால் ஈடுகொடுக்க முடியவில்லை. ஒரு மணி நேரம் கழித்து, கதீட்ரல் வாசலில் வழிகாட்டியிடம் சொல்லிவிட்டுக் கழன்றுகொண்டோம். அந்த ஒரு மணி நேரத்தில் ஊரின் திசை பிடிபட்டது, அது போதும்.

கதீட்ரலுக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு வெள்ளைக் கட்டடத்தின் சுவரில், பெரிய பெரிய கருங்கல் போன்ற பாளங்களால் ஆன வளைவு ஒன்று துருத்திக்கொண்டிருக்கும். ரோமானியப் படைமுகாமின் வடக்கு வாசல் அது. ரோமப் பேரரசர் மார்கஸ் அரேலியஸ் காலத்தில், கி.பி. 179இல் கட்டி முடித்த முகாம். வேலி கட்டி, சீட்டுக் கொடுத்துக் காட்டவில்லை. தெருவோடு தெருவாக இருக்கிறது, சைக்கிள்காரர்கள் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

கதீட்ரலைப் பதின்மூன்றாம் நூற்றாண்டில் தொடங்கி ஆறு நூற்றாண்டு கட்டியிருக்கிறார்கள். அந்த இரண்டு கோபுரங்களும் 1869இல்தான் முடிந்தன. உள்ளே இருட்டு. வண்ணக் கண்ணாடி ஜன்னல்கள் மட்டும் எரிகின்றன. தூணில் ஒரு தேவதை வாய்விட்டுச் சிரித்துக்கொண்டு நிற்கும், 1280 வாக்கில் செதுக்கியது. எதிர்த் தூணில் மரியாள். நற்செய்தி சொல்ல வந்தவர் இவ்வளவு சந்தோஷமாகச் சிரிப்பதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. உங்கள் கப்பல் ஞாயிற்றுக்கிழமை வந்தால் எல்லா வாதமும் மாறிவிடும். பள்ளி நடக்கும் காலமென்றால், காலைப் பூசையில் கதீட்ரலின் பாடகர் குழு பாடும். 975இல் பிஷப் வொல்ஃப்காங் தொடங்கிய பள்ளியிலிருந்து தொடர்ந்து வரும் குழு. அன்று வேறு எதையும் யோசிக்காதீர்கள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை கடைகள் அடைத்திருக்கும், தொப்பிக்கடை உட்பட. திங்கள் என்றால் அருங்காட்சியகங்கள் பல மூடியிருக்கும், அன்று வெல்டன்பர்க்குக்கு ஒரு மதிப்பெண் கூடும்.

கொஞ்சம் தள்ளி நொய்ஃபார்பிளாட்ஸ் என்றொரு சதுக்கம். வெள்ளைக் கல்லில் தாழ்வாக ஏதோ மேடை போல அமைத்திருந்தார்கள். குழந்தைகள் அதன்மேல் ஏறிக் குதித்துக்கொண்டிருந்தார்கள். அம்மா உட்கார்ந்துவிட்டார். நானும் உட்கார்ந்தேன். பிறகுதான் பலகையைப் படித்தேன். 1519இல் இந்த ஊர் தன் யூதர்களை விரட்டி, அவர்களுடைய தொழுகைக் கூடத்தை இடித்துத் தள்ளிய இடம். ஓவியர் ஆல்ட்டார்ஃபர் இடிப்பதற்கு முன்பு அதைப் பார்த்து வரைந்து வைத்தார். விரட்ட முடிவெடுத்த நகரசபையிலும் அவர் இருந்தார். இடித்த கூடத்தின் அடித்தளத்தை அப்படியே கோடு பிடித்து, இஸ்ரேலியச் சிற்பி டானி கரவான் 2005இல் இந்த வெள்ளைக் கல்லை அமைத்தார். நான் எழுந்துகொண்டேன். மக்கள் வந்து உட்காரவேண்டும், சந்திக்கவேண்டும் என்றுதான் அதைச் செய்திருக்கிறார் என்று பிறகு தெரிந்தது. அம்மாவிடம் விவரத்தைச் சொன்னேன். "அப்ப உக்காரலாம்" என்றார். இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்தோம்.

பழைய நகர மண்டபத்துக்கு வழிகாட்டியோடுதான் போக முடியும். ஆங்கிலத்தில் சுற்றுகள் மிகக் குறைவு. அதனால் காலையிலேயே சுற்றுலா அலுவலகத்தில் நேரம் கேட்டு, சீட்டு வாங்கிவிடுங்கள். 1663இல் இங்கே கூடிய புனித ரோமப் பேரரசின் மன்றம் 1806 வரை கலையவே இல்லை. நூற்று நாற்பத்து மூன்று வருடம் ஒரே கூட்டம்! ஜெர்மனில் ஒரு காரியத்தைத் தள்ளிப்போடுவதை "நீள பெஞ்சில் தள்ளுவது" என்பார்களாம். மனுக்களைப் போட்டு வைத்த பெஞ்சு இந்த மண்டபத்தில் இருந்ததிலிருந்துதான் அந்தப் பேச்சு வந்தது என்பது வழிகாட்டிகள் சொல்லும் கதை. நம்மூரில் "கிடப்பில் போடுவது". கீழே சித்திரவதை அறை இருக்கிறது. படி செங்குத்து, அம்மா வரவில்லை, நல்லதாகப் போயிற்று.

அந்த மன்றம் கூடுவதற்கு முன்பே இப்படிக் கிடப்பில் போடப்பட்ட ஒருவரின் வீடு பக்கத்திலேயே இருக்கிறது. கோள்களின் பாதை நீள்வட்டம் என்று கண்டுபிடித்த கெப்ளர், 1630இல் பேரரசர் தரவேண்டிய சம்பள பாக்கியைக் கேட்கக் குதிரையேறி இந்த ஊருக்கு வந்தார். வந்த இடத்தில் காய்ச்சல். நவம்பர் 15 அன்று இறந்துபோனார். அவரைப் புதைத்த இடமும் முப்பதாண்டுப் போரில் அழிந்துவிட்டது. அவர் பெயர் வைத்த தெருவில், அவர் இறந்த வீட்டு வாசலில் நின்று இதைச் சொன்னபோது அம்மா ஒன்றும் பேசவில்லை. அப்பா ஓய்வூதியத்துக்கு அலைந்த வருடங்கள் ஞாபகம் வந்திருக்கலாம்.

சாப்பாடு. கல் பாலத்தை ஒட்டி ஹிஸ்டாரிஷே வுர்ஸ்ட்குக்ல் என்ற சின்னஞ்சிறு சாசேஜ் கடை. கரி அடுப்பில் வாட்டிய விரல் நீளச் சாசேஜ், புளிக்கவைத்த முட்டைக்கோஸ், இனிப்புக் கடுகு. சுவரில் வெள்ளம் ஏறிய உயரங்களைக் கோடு போட்டு வைத்திருக்கிறார்கள், படித்துக்கொண்டே வரிசையில் நிற்கலாம். மணி பதினொன்றரைக்குள் போய்விடுங்கள். சைவக்காரர்கள் அந்த முட்டைக்கோஸைக்கூட விசாரித்துவிட்டுச் சாப்பிடுங்கள், பன்றிக் கொழுப்பில் வதக்குவது இந்தப் பக்கத்து வழக்கம். அம்மாவுக்குச் சீஸில் புரட்டிய ஸ்பெட்ஸ்லே கிடைத்தது. இடியாப்பத்துக்கும் பாஸ்தாவுக்கும் பிறந்த பிள்ளை என்று பெயர் வைத்தார். வெல்டன்பர்க் போனால் மடாலய உணவகம் ஒன்றுதான் கதி, ஊரில் என்றால் நான்கு இடம் விசாரிக்கலாம்.

துர்ன் உண்ட் டாக்ஸிஸ் அரண்மனைக்கு நாங்கள் போகவில்லை. பேரரசின் தபால் உரிமையை வைத்திருந்த குடும்பம், அது பறிபோனதற்கு ஈடாக 1812இல் ஒரு மடாலயத்தையே பெற்றுக்கொண்டது. கதை பிரமாதம், அறைகளுக்கு ஷோன்புருன் வருகிறதே என்று விட்டுவிட்டோம். ஆனால் அதை ஒட்டிய புனித எம்மராம் தேவாலயத்துக்குப் போனோம். உள்ளே நுழைந்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. 1730களில் அதன் உள்புறத்தைப் புதுப்பித்தவர்கள் அதே அசாம் சகோதரர்கள். மனைவி படகேறிப் போய்ப் பார்த்த கைவண்ணம், நடைதூரத்தில். இதை இரவு மேஜையில் சொன்னேன். "அங்கே பாறை இருந்துச்சு" என்று பதில் வந்தது. அதற்கு என்னிடம் மறுபேச்சில்லை.

என் தீர்ப்பு இதுதான். ஐரோப்பிய ஊர்களை முதல்முறை பார்ப்பவர்கள், மெதுவாக நடப்பவர்கள், வரலாற்றுப் பித்து உள்ளவர்கள் ஊரிலேயே இருங்கள். ஏற்கெனவே ப்ராக், ரோதன்பர்க் என்று கல் தெருவாகப் பார்த்துச் சலித்தவர்கள், குழந்தைகளோடு வருபவர்கள், மூன்று நாளாகக் கட்டடமாகப் பார்த்து மரமும் பாறையும் தேடுபவர்கள் யோசிக்காமல் படகுக்குப் போங்கள். இரண்டையும் பாதிப் பாதி செய்ய நினைத்தால் மனைவிக்கு ஆனது போலத்தான் ஆகும். தொப்பி நன்றாக இருக்கிறது என்பது வேறு விஷயம்.

எதைத் தேர்ந்தாலும், இரண்டு நாள் முன்பே வரவேற்பில் நீர்மட்டத்தை விசாரியுங்கள். ஸ்ட்ராபிங்குக்கும் வில்ஸ்ஹோஃபனுக்கும் இடையில் டான்யூபுக்கு அணை கிடையாது. கோடையில் வற்றினால் கப்பல் அங்கே தாண்டாது. பாசாவ் பக்கமிருந்து பேருந்தில் அழைத்து வந்து காட்டுவார்கள். அப்போது உங்கள் எட்டரை மணி நேரம் நான்காகச் சுருங்கும். நான்கு மணி நேரம்தான் என்றால் விவாதமே வேண்டாம், ஊர்தான்.

வல்ஹல்லாவை மறந்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். காசு கட்டாமல் கப்பலிலிருந்தே அதைப் பார்த்துவிடலாம் என்பதால்தான் கடைசிக்கு வைத்தேன். பவேரிய மன்னர் முதலாம் லுட்விக் 1842இல் திறந்துவைத்த மண்டபம். ஏதென்ஸின் பார்த்தினான் கோயிலைப் பார்த்துக் கட்டடக் கலைஞர் கிளென்ஸே வடித்தது. உள்ளே ஜெர்மானிய மொழிக்காரப் பெரியவர்களின் 130க்கும் மேற்பட்ட மார்பளவுச் சிலைகள். ஆற்றோரத்திலிருந்து ஏறினால் 358 படி. பேருந்து பின்பக்கமாக மேலேயே விட்டுவிடும். உள்ளே போகவேண்டும் என்ற ஆசை இருந்தால் போங்கள். ஆனால் ரேகன்ஸ்பர்க்கை விட்டுக் கீழ்நோக்கிப் போகும் எந்தக் கப்பலும் சிறிது நேரத்திலேயே அதன் காலடியில்தான் போகிறது. வெளிச்சம் இருக்கும்போது கிளம்பினால் மேல்தளத்தில் இடதுபக்க நாற்காலி பிடியுங்கள், போதும்.

நாங்கள் பிடித்தோம். ஜூன் மாத மாலை, இன்னும் நல்ல வெயில். மலைமேல் வெள்ளைத் தூண்கள் மெல்லத் திரும்பி நகர்ந்தன. உள்ளே கெப்ளரின் சிலையும் இருக்கிறது என்று அம்மாவிடம் சொன்னேன்.

"சிலை வெச்சாங்க, சரி. பாக்கியைக் குடுத்தாங்களாடா?"

"இல்லம்மா."

அம்மா சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு டீ கேட்டார்.